மணல் சரிந்த பக்கம்

குன்றின் அடியில் அப்போது ஐந்து பேர் இருந்தார்கள்: அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், தம்பியின் மனைவி, தம்பியோடு பாறை ஆய்வு செய்துவந்த பெண், போர்வைக்குக் கீழே இறந்துகிடந்த தம்பி.

"சட்டையக் கழட்டுங்க," என்றாள் அக்கா தன் வீட்டுக்காரரிடம்.

"எதுக்கு?"

"அவனுக்கு மாத்தணும். தூக்குறவங்க வர்றதுக்குள்ள."

தம்பியின் சட்டை மார்பு முழுக்க நனைந்திருந்தது. பக்கத்தில் காலி பாட்டில். வரும் வழியில் டீக்கடை வாசலில் நாலு பேர் பேசிக்கொண்டது காருக்குள் தெளிவாகவே கேட்டது: குடித்துவிட்டு உச்சியிலிருந்து உருண்டாராம். அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு சொட்டு தொட்டதில்லை. அக்கா தெருவில் நடந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.

"குடிச்சானா?" ஆய்வுக்காரப் பெண்ணிடம் நேராகவே கேட்டாள்.

"ஐயோ, இல்லம்மா. அது குழாய்த் தண்ணி. பாறைல ஊத்துறதுக்கு."

"எதுக்கு? கல்லு வளருதா?"

அந்தப் பெண் தன் பாட்டிலைத் திறந்து பாறைமேல் சாய்த்தாள்.

அதுவரை வெளிறிப்போய் நின்ற பாறைச் சுவர் அது. தண்ணீர் இறங்கிய இடத்தில் கோடுகள் எழுந்து வந்தன. செம்மண் நிறம், மஞ்சள், மறுபடி செம்மண். நூல் நூலாக, அடுக்கு அடுக்காக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

"ஆத்து மணல்ம்மா. தண்ணி இழுத்துட்டு வந்து மணல்மேட்டோட மறுபக்கம் சரிச்சு விட்டது. எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கோ, ஆறு அந்தப் பக்கம் ஓடியிருக்கு."

"எந்த ஆறு?"

"இப்ப இல்ல. மணல் குடுத்த மலையும் கரைஞ்சு போச்சு. மனுஷங்க வர்றதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி."

அக்கா நிமிர்ந்தாள். "அந்த உச்சி?"

"அதுவும் அதே ஆறுதான். வெள்ளம் வெள்ளமா வந்து குவிச்சது. சுத்தி இருந்ததையெல்லாம் மழை அரிச்சிடுச்சு. இது நின்னுடுச்சு." அவள் குரல் இறங்கியது. "சார் மேல ஏறவே இல்லம்மா. இங்கதான் தண்ணிய ஊத்தி, கோடு போற பக்கம் கைய வெச்சுக் காட்டிட்டிருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. கைல இருந்த பாட்டில் அப்படியே அவர் மார்மேல சாஞ்சுடுச்சு. டாக்டரும் மாரடைப்புன்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

"வீட்லயும் இந்தக் கோட்டுப் பேச்சுதான் அண்ணி," என்றாள் தம்பியின் மனைவி. "என்னை ஒரு நாள் இப்படி நின்னு பாத்திருந்தா..." மீதியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அக்கா ஈரக் கோடுகள்மேல் உள்ளங்கையை வைத்தாள். மணல் குருணை விரலில் உறுத்தியது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள்; கழுத்து வலித்தது, கோடுகள் முடியவில்லை. யார் முன்னும் வியந்து திறந்திராத வாய் லேசாகத் திறந்திருந்தது. அவ்வளவு தண்ணீரும் தன் தலைக்கு மேலே போய்க்கொண்டிருப்பதுபோல அவள் அசையாமல் நின்றாள்.

அவள் வீட்டுக்காரர் பனியனோடு நின்று, கழற்றிய சட்டையை நீட்டினார். "இந்தா."

"போட்டுக்கோங்க. அவன் இப்படியே வரட்டும்."

ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்தவர் மூச்சிரைக்க, "குடிச்சுட்டு மேலேருந்து விழுந்தவர் இவர்தானா?" என்றார்.

அக்கா பாறையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"குடிக்கல. விழல. வேலை பாத்துட்டிருந்தான்."