டி.வி. பிடிக்கவில்லை

சிதம்பரத்தில் ஊராரின் முட்டிக்கால்களை மடக்கி நீட்டிப் பிழைப்பவள் ஜான்சி. பிசியோதெரபிஸ்ட். முப்பத்தெட்டு வயதாகியும் வீடியோ கேம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். புது கன்சோல் விற்பனைக்கு வந்த அன்றே கிளினிக்கைப் பூட்டிவிட்டு, கணவன் ராபர்ட்டையும் இழுத்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினாள். அது கடலூர் கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே அங்கே புக் செய்திருந்தாள்.

கடையில் செம்பியன் என்று சட்டையில் பேர் குத்தியிருந்த விற்பனையாளன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"பையனுக்கா மேடம்?"

"எனக்குதான்."

சிரிப்பு பாதியில் நின்றது. அவன் ராபர்ட்டைப் பார்த்தான். ராபர்ட் மின்விசிறியைப் பார்த்தான்.

"தனியா தர மாட்டோம் மேடம். கூட ஒரு டி.வி. எடுத்தாதான். கடை பாலிசி."

"புக் பண்றப்ப சொல்லலியே?"

"புக்கிங் பாலிசி வேற, டெலிவரி பாலிசி வேற மேடம்."

"வூட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது. இத கக்கூஸ்லயா மாட்டறது?"

"அது உங்க இஷ்டம் மேடம்."

ஜான்சிக்குச் சுள்ளென்று ஏறியது. அப்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது: சீல் உடைக்காத பொருளை ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம். கார்டைத் தேய்த்து இரண்டையும் வாங்கினாள். டி.வி.யை நான்கடி தள்ளி, 'ரிட்டர்ன்' என்று எழுதியிருந்த மேசைக்கு நகர்த்தினாள். செம்பியனே ஓடிவந்து அந்த நாற்காலியிலும் உட்கார்ந்தான்.

"சொல்லுங்க மேடம்."

"டி.வி. புடிக்கல."

"இன்னும் பிரிக்கவே இல்லியே!"

"பிரிச்சா நீ வாங்க மாட்டியே."

செம்பியன் கம்ப்யூட்டரைத் தட்டி முகம் மலர்ந்தான். "உங்க அட்ரஸ் சிதம்பரம். ரிட்டர்ன் அந்த ஊரு பிராஞ்ச்லதான் மேடம்."

மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கி ராபர்ட் சொன்னான்: "கேம் வாங்க வந்தா, இவனுங்க நம்மள வச்சி ஆடுறானுங்க."

பஸ்ஸில் டி.வி.க்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார் கண்டக்டர். டி.வி. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது. ராபர்ட் முக்கால் வழி, பி.முட்லூர் வரை நின்றுகொண்டே வந்தான்.

சிதம்பரம் கிளையின் மேனேஜர் மலர்க்கொடி பில்லைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள். "இன்னிக்கி நீங்க பதினோராவது ஆளுங்க." அவள் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாகப் பத்து டி.வி.கள் சீல் கலையாமல் நின்றன. பணத்தைக் கார்டுக்கே திருப்பிவிட்டாள்.

"அப்ப இந்தப் பாலிசி யாருக்குதாங்க?" என்றாள் ஜான்சி.

"டி.வி. வித்த பேரு அவுங்களுக்கு. திருப்பி வாங்குற தலையெழுத்து எங்களுக்கு. மாசக் கடைசில எல்லாத்தையும் கடலூருக்கே அனுப்பிடுவோம்."

ஜான்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மலர்க்கொடியும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கன்சோலை மாட்டினாள். அது எடுத்த எடுப்பில் நாற்பது பக்க விதிமுறைகளைத் திரையில் நீட்டி, சம்மதமா என்று கேட்டது. ஒரு வரிகூடப் படிக்காமல் சம்மதம் என்று அமுக்கினாள். ராபர்ட் மத்தியானக் குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அடுக்களைக்குப் போனான்.