மாளிகையில் பால் காய்ச்சிய நாள்

ஐரோப்பிய வரலாற்றிலேயே முதல் முறையாக, செக் நாட்டு மாளிகை ஒன்று கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருவரின் உடைமையானது. முழுதாக அல்ல, நானூற்றில் ஒரு பங்கு. மிச்சப் பங்குகளை இணையத்தில் வாங்கிப்போட்டவர்கள் யாரென்று குமாரசாமிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கியதில் மனைவி பவளத்துக்குக் கோபம். "பால் காய்ச்சாம எதுவும் நம்ம வீடு ஆகாதுங்க. பொங்குச்சுன்னா வச்சுக்குவோம். பொங்கலைன்னா அன்னைக்கே வித்துருங்க" என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் சனிக்கிழமை காலையில் அமெரிக்காவில் காப்பெல் என்ற ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டு ஹாலில் இருபது பேர் கேசரித் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாளிகையைப் பார்த்துக்கொள்ளும் ஹனா அம்மாள் அங்கே பால் காய்ச்ச, இங்கே வீடியோ காலில் பார்ப்பதாக ஏற்பாடு. நல்ல நேரம் வரும்வரை குமாரசாமி பட்டு வேட்டியில் நின்று வரலாறு சொன்னார். வேட்டைக்கு வந்து தங்க ஒரு பிரபு கட்டியது. பேரன் அதைச் சீட்டாட்டத்தில் பீர் ஆலைக்காரர் ஒருவரிடம் தோற்றான். போருக்குப் பின் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு, நடனக்கூடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியது. பிறகு வாரிசைத் தேடிப்பிடித்துத் திருப்பிக் கொடுத்தது. வாரிசு கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், மறுநாளே விற்றுவிட்டார்.

"அடுத்து நீங்களாண்ணா?" என்றார் விருந்தினர்களில் ஒருவரான நெடுஞ்செழியன். ஏரிக்கரையில் முழு வீடே வைத்திருப்பவர். "உங்க பங்குக்கு எந்த ஜன்னலு?"

"நல்ல நேரம் வந்தாச்சு" என்று குமாரசாமி ரிமோட்டை அழுத்தினார்.

திரையில் பால் ஏறியது. விளிம்பைத் தொட்ட நொடியில் ஹனா பாய்ந்து அடுப்பை அணைத்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார். மறுபடி பற்றவைக்கச் சொன்னார்கள். மறுபடியும் காப்பாற்றிவிட்டார்.

பவளம் கையைக் கட்டிக்கொண்டாள். "ஏனுங்க, வித்துறலாமா?"

"கண்ணு தீக்ஷா, நீ சொல்லு அந்தம்மாகிட்ட!" என்று பதறினார் குமாரசாமி.

மகள் போனைப் பிடுங்கினாள். "ஹனா, டோன்ட் டச் இட்! ஜஸ்ட் லெட் இட் ஸ்பில்!"

பார்க்கச் சகிக்காமல் ஹனா கண்ணை மூடிக்கொண்டார். பால் நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஹாலே எழுந்து நின்று கத்தியது. பவளம் குலவையிட்டு, புருஷன் வாயில் கேசரியைத் திணித்தாள். நெடுஞ்செழியனே வந்து கட்டிப்பிடித்து, "அரண்மனைக்காரரே!" என்றார்.

"தீக்ஷா, அப்படியே மாளிகையையும் காட்டச் சொல்லு" என்றார் குமாரசாமி, வாய் நிறையக் கேசரியோடு.

ஹனா போனை ஜன்னல் பக்கம் திருப்பினார். ரோட்டுக்கு அந்தப்புறம், தூறலில், மாளிகை முழுதாகத் தெரிந்தது. அங்கே அடுப்பு கிடையாதாம். பால் பொங்கியது ஹனாவின் வீட்டில்.