பர்லியார் ஏற்றத்துக்கு ஒரு கிளட்ச்

கிளட்ச் பிளேட்டைப் பார்த்தே வண்டி ஓட்டியவனின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் குன்னூர் மெக்கானிக் அழகர்சாமி. ஆஸ்டின் காரின் கியர் பாக்ஸை இறக்கி, பிளேட்டை வெளியே எடுத்து, ஷெட் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளேட் கருகிப்போய் வழவழவென்று இருந்தது. அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் இரும்பு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"ஏனுங்ண்ணா, வண்டிய வேற யாராச்சும் ஓட்டுனாங்களா?"

டிரைவர் மனோகரன் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். "ஓட்டலுக்கு வர்ற கெஸ்ட்டுங்க ஆசப்பட்டு ஒரு ரவுண்டு கேப்பாங்க தம்பி. குடுக்காம இருக்க முடியுங்களா?"

"அதானே பார்த்தேன். கிளட்ச்சு மேலயே கால வெச்சுட்டு ஓட்டியிருக்கானுவ. நீங்க அப்பிடி ஓட்ற ஆளு இல்லியே."

பச்சைப் பொய். முப்பத்தோரு வருஷமாக அந்த ஸ்டியரிங்கை இன்னொருத்தர் தொட்டதில்லை. ஐம்பத்தாறாம் வருஷத்து வண்டி. எஸ்டேட் பங்களாவோடு வந்தது. பங்களா ஓட்டலான பிறகும் தங்கிவிட்டது. மேட்டுப்பாளையத்தில் ரயில் விட்டு இறங்கும் விருந்தாளிகளை இந்த வண்டியில்தான் மலைக்கு ஏற்றி வருவார்கள். அந்த வண்டிக்காக மனோகரன், மனோகரனுக்காக ஓட்டலுக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸ். ஏழு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர் அவர். மனைவி சுகுணாவைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போக ஊர் என்று ஒன்று கிடையாது.

"சேட்டா, நிங்க ஓட்டுற வரைக்கும் குவார்ட்டர்ஸ் நிங்களுக்கு" என்று புது மேனேஜர் ரிஜோ சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். கூடலூர் மலையாளிப் பையன். நல்லவன்தான். ஆனால் சொன்ன சொல்லில் மறுபாதி ஒன்று இருக்கிறதல்லவா, அதை நினைத்தால் மனோகரனுக்குத் தூக்கம் வராது.

ஏனென்றால் கிளட்ச்சைத் தின்றது அவருடைய இடது முழங்கால். இரண்டு வருஷமாக அது மடங்கினால் நீள்வதில்லை, நீண்டால் மடங்குவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் காலை எடுத்து எடுத்து வைக்கப் பயந்து பெடல் மேலேயே போட்டுவைத்தார். கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, "டிரைவர் வேலையா? விட்டுருங்க" என்றார், வெற்றிலை போடுவதை விடச் சொல்வது போல. சுகுணாவிடம் குளிரில் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவைத்திருந்தார்.

அழகர்சாமி இரண்டு பிரஷர் பிளேட்டுகளைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

"இது ஆஸ்டினுக்குன்னே உள்ளதுங்ண்ணா. கோயமுத்தூர்ல ஒரு பழைய கடையில பெட்டி பிரிக்காம கெடந்துச்சு. ஸ்பிரிங்கு டைட்டா இருக்கும், மிதிக்கக் காலு கொஞ்சம் கேக்கும். ஆனா உசுர் போனாலும் புடிச்ச புடி விடாது. இந்தா, இது சின்ன வேனுக்கு உள்ளது. ஓட்டை மாத்தி அடிச்சா உக்காந்துக்கும். பஞ்சு மாதிரி இறங்கும். ஊருக்குள்ள ஓட்டலாம். ஆளேத்திட்டு மலையேற ஆகாது."

மனோகரன் இரண்டையும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். முதலாவது அசையவே இல்லை. இரண்டாவது ஒரு அமுக்கில் இறங்கிக் கொடுத்தது. அந்த இறக்கம் கை வழியாக ஏறி முழங்காலுக்கே இதமாக இருந்தது.

"இதையே போட்ரு."

"அண்ணா, பர்லியார் ஏத்தத்த நெனச்சுத்தான் சொல்றீங்களா?"

"முப்பத்தோரு வருஷம் ஏறுனவன் சொல்றேன். போடு."

மூத்த டிரைவர் சொல்லிவிட்டால் இந்த மலையில் மெக்கானிக் மறுபேச்சு பேசமாட்டான். அழகர்சாமி அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு அவர் காலைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்தார்.

சனிக்கிழமை மேட்டுப்பாளையத்தில் நான்கு பேர், அவர்களுடைய பெட்டிகள். அழைத்துவர ரிஜோவும் வந்திருந்தான். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மனோகரனுக்கு நம்பவே முடியவில்லை. பெடல் கால் வைத்தால் போய்க்கொண்டிருந்தது. வலி இல்லை. இப்படியே இன்னும் ஐந்து வருஷம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார். பழைய பாட்டு ஒன்றைக்கூட முனகினார் மனுஷர்.

பர்லியார் பழப்பண்ணை தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. மேலேயிருந்து பஸ் வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், அதுதான் மலை ரோட்டின் மரியாதை. பஸ்காரன் ஒதுங்கி நிறுத்தி, லைட்டை ஒரு தரம் போட்டு, வா என்று கை காட்டினான். மனோகரன் முதல் கியரைப் போட்டுக் கால் எடுத்தார்.

இன்ஜின் கத்தியது. வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை இன்னும் அமுக்கினார். இன்ஜின் இன்னும் கத்தியது, தீய்ந்த நாற்றம் உள்ளே வந்தது, பின்னால் ஒரு அம்மாள் மூக்கைப் பொத்தினாள். வண்டி மெள்ள மெள்ளப் பின்னோக்கி நழுவத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் இறங்கிருங்க" என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ரிஜோதான் ரோட்டோரத்துக் கல்லைத் தூக்கி வந்து பின் சக்கரத்துக்கு வைத்தான். வளைவில் சக்கரத்துக்குக் கல் வைக்க விடுபவன் டிரைவரே இல்லை என்று டீக்கடையில் எத்தனை பேரைக் கேலி பண்ணியிருப்பார் மனோகரன்! பஸ்காரன் நெடுநேரம் வழிவிட்டு நின்றான். ஏறவேண்டியவன் ஏறாமல் கிடக்க, கடைசியில் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அந்தத் தலையாட்டலில் மனோகரன் கூசிப்போனார்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்ததும் ரிஜோ குதித்தான். "யாரு இந்தக் கிளட்ச் செலக்ட் பண்ணது? ஆளு செத்திருந்தா யாரு பதில் சொல்லும்?"

அழகர்சாமி மனோகரனைப் பார்த்தார். மனோகரன் தரையைப் பார்த்தார். சொல்லியிருக்கலாம்.

"நாந்தானுங்க சார்" என்றார் அழகர்சாமி. "என்ற தப்பு. டைட்டானது ஒண்ணு இருக்குது, அதைப் போட்டுத் தர்றேன்."

"அதுவும் சரியில்லெங்கில் நம்ம ஓட்டல் வண்டி ஒண்ணுகூட இங்கே வராது. ஊர் முழுக்க நானே சொல்லும்."

மூன்று நாள் அந்த ஷெட் பக்கம் மனோகரன் போகவில்லை. குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் நின்று இடது காலை மட்டும் ஊன்றி ஊன்றிப் பார்த்தார், வலுத்துவிடும் என்பதுபோல. சுகுணா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். "இந்தக் குளிர் எப்பத்தான் போகுமோ" என்றாள்.

நான்காம் நாள் காலை ரிஜோ அவரைக் கையோடு அழைத்துப் போனான். வண்டி ஷெட்டில் மேட்டைப் பார்த்து நின்றது. மனோகரன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். இன்ஜின் அழகாகப் பிடித்தது. பெடலில் கால் வைத்து அமுக்கினார். அது கல்லில் மிதித்த மாதிரி இருந்தது. முட்டியைக் கையால் பிடித்து அழுத்தினார். பாதி போயிற்று. உயிர் போகிற வலி. மீதி பாதி போகவில்லை. பெடல் பாதியில் நிற்கையிலேயே கியரைத் தள்ளினார். கறகறவென்று பல் கடித்துக்கொண்டு வெளியே தள்ளியது. மறுபடி தள்ளினார். மறுபடி கறகற.

"இதுவும் தப்பா?" ரிஜோ அழகர்சாமி பக்கம் திரும்பினான். "ஒரு கிளட்ச் போடத் தெரியாதா நிங்களுக்கு?"

அழகர்சாமி கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். அந்த மனுஷன் வாயைத் திறந்தால் மறுபடியும் என் தப்பு என்றுதான் சொல்வார். மனோகரனுக்கு அது தெரிந்துவிட்டது.

"சார்" என்றார். "கிளட்ச் நல்லாத்தானுங்க இருக்குது."

"பின்னே?"

மனோகரன் கதவைத் திறந்தார். இடது தொடையை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சீட்டைக் காட்டினார். "நீங்க ஓட்டிப் பாருங்க. அந்த வேன் கிளட்ச்சைப் போடச் சொன்னதும் நாந்தான். தம்பி வேண்டாம்னுதான் சொன்னாரு."

ரிஜோ அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஏறி உட்கார்ந்தான். பெடலை மிதித்தான், கியரைப் போட்டான். வண்டி ஒரு உதறல்கூட இல்லாமல் ஷெட் மேட்டில் ஏறி மெயின் ரோட்டில் திரும்பியது.

அழகர்சாமி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மனோகரன் உட்காரவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அந்த வண்டி போவதை வெளியே நின்று அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.