நாலு முனையிலும் குஞ்சம்

சால்வையை மடிக்காமல் அப்படியே வெட்டுமேசைமேல் போட்டான் என் கொழுந்தன். நாடகத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மெஷினில் வைத்த காலை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தேன். அளவில் ஏதோ பிசகு என்றுதான் முதலில் நினைத்தேன். தையற்காரிக்கு வேறென்ன தோன்றும்? தோளில் பிடிக்கிறதா, நீளம் தட்டுகிறதா என்று கேட்டேன்.

"இத நான் போட்டுக்க மாட்டேன் அண்ணி."

குஞ்சத்தைத் தொடாமல் விரலால் காட்டினான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு முறை இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். ஏழு வருஷமாக இயேசு என் கொழுந்தன்தான். வேன் ஓட்டுகிறவன். நாடகத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே தாடி விட ஆரம்பித்துவிடுவான், ஹாரன் அடிப்பதையும் குறைத்துக்கொள்வான். உடைகள் எல்லாம் என் கடையில்தான். வழக்கம் என்னவென்றால், "சிலுவையில் அறையும்" என்று கத்துகிற கூட்டத்துக்குக் கோடு போட்ட சால்வை, முனையில் குஞ்சம், ஒட்டுத்தாடி. இயேசுவுக்கும் சீடர்களுக்கும் வெறும் வெள்ளை. யார் யூதர், யார் நம்மவர் என்று கடைசி வரிசையில் கண்ணாடி மறந்து வந்தவருக்குக்கூடத் தெரிந்துவிடும். நானும் ஆறு வருஷம் கேள்வி கேட்காமல் தைத்தேன்.

இந்த வருஷம் பழைய உடைகளை எலி கடித்துவிட்டதால் எல்லாமே புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. நோயாளிப் பெண் ஒருத்தி பின்னால் வந்து அவர் உடையின் ஓரத்தைத் தொடுகிற காட்சி ஒன்று உண்டு. அந்த ஓரத்தில் என்ன இருந்தது? மடித்துத் தைத்ததா, கரை வைத்ததா? ஓரம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு விவரம் சொல்லாமல் விட்டால் எனக்கு வேலை ஓடாது. போதகரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, குஞ்சம்தான் அம்மா, அவர்கள் சட்டப்படி ஆண்கள் மேலாடையின் நாலு முனையிலும் கட்டுவார்கள், அவரும் கட்டியிருப்பார், அவரும் யூதர்தானே என்றார். நான் சொன்னதாக நாடக வாத்தியாரிடம் சொல்லாதே என்று கையோடு கேட்டும் கொண்டார்.

ஒரே துணியிலிருந்து எல்லாருக்கும் சால்வை வெட்டினேன். கூட்டத்துக்குக் கட்டிய குஞ்சத்தை அவருக்கு மட்டும் கட்டாமல் விடக் கை வரவில்லை. துணியைப் பார்த்தேன், ஓரத்தைப் பார்த்தேன், போட்டுக்கொள்ளப் போகிறவனை மறந்துபோனேன். இதைவிடப் பெரிய தப்பு ஒரு தையற்காரி செய்ய முடியாது.

ஏனென்றால் வீட்டுக்குச் சின்னவன், கொழுந்தனுக்கு அடுத்தவன், வெளிநாட்டில் மருந்து வண்டி ஓட்டப் போனவன், போன வருஷம் அங்கே நடந்த போரில் போய்விட்டான். வண்டிமேல் குண்டு விழுந்தது. யாருடைய குண்டு என்று கேட்டால் இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைக் காட்டியது, அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைக் காட்டியது. எங்களுக்கு வந்தது ஆணி அடித்த பெட்டி. திறக்க வேண்டாம் என்று அதிகாரி ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார். மாமியார் இறந்தபோது அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. தலை வாரிவிட்டு, சோறு ஊட்டி, பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டவள் நான். முகத்தைப் பார்க்காமல் மண் போட்டேன். அந்த வலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கொழுந்தன் மட்டும் யாருடைய குண்டு என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டான். அதன்பிறகு பிரசங்கத்தில் யூதர் என்ற சொல் வந்தால் எழுந்து வெளியே போய் வேனுக்குள் உட்கார்ந்துகொள்வான்.

அன்று மாலை ஒத்திகையில் விஷயம் பெரிதாகிவிட்டது. நாடக வாத்தியாருக்கு 'இன்னொரு தரம்' என்று பெயர். எதைச் செய்தாலும் இன்னொரு தரம் செய்யச் சொல்வார். உலகத்துக்கே பொதுவானவரை ஒரு ஜாதிக்குள் கொண்டுபோய் அடைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். சரி, கூட்டத்தின் குஞ்சத்தையும் வெட்டிவிடுகிறேன், எல்லாருமே பொதுவாக இருக்கட்டும் என்றேன். அப்புறம் கெட்டவர்கள் யார் என்று சனங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாயில் இருந்த குண்டூசியை விழுங்கியிருப்பேன்.

மறுநாள் காலை, முன்பின் பேசியிராத இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் சபைக்காரர், மற்றவர் அவருடைய நண்பராம். இயேசுவுக்குக் குஞ்சம் கட்டிய என் துணிச்சலை மெச்சினார்கள். மேடைக்குப் பின்னால் யூதர்களுடைய நாட்டுக் கொடியையும் கட்டினால் பொருத்தமாக இருக்கும், சின்னக் கொடிதான், அவர்களே கொண்டுவருவார்கள் என்றார்கள். இது தையற்கடை, கொடிக்கம்பம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் சிரித்துக்கொண்டே என்னைக் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார்கள். எதிரே வேனை நிறுத்திக்கொண்டிருந்த கொழுந்தன் அந்தச் சிரிப்பையும் கும்பிட்டையும் பார்த்தான். நான் சொன்னது அவன் காதில் விழவில்லை. மதியம் அவன் அறையில் அலமாரி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நாளை முதல் வேன் ஷெட்டிலேயே தங்கிக்கொள்வதாக அண்ணனிடம் சொன்னானாம்.

என் வீட்டுக்காரர் பாவம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நாலு குஞ்சம்தானே, வெட்டிப் போட்டுவிடேன், ஒரு தம்பியைத்தான் மண்ணில் போட்டுவிட்டோமே என்றார். அவர் குரல் உடைந்ததை அதுவரை நான் இரண்டு தரம்தான் கேட்டிருக்கிறேன். கத்தரியை எடுத்தேன். முதல் குஞ்சத்தின் கழுத்தில் வைத்தேன். வெட்டிவிட்டால் வீடு மிஞ்சும். நியாயம் பேசிப் பேசி யாருமில்லாத வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன்? எல்லாம் தெரிந்தும் விரல் மடங்கவில்லை. கத்தரியையும் சால்வையையும் சேர்த்தே பையில் போட்டுக்கொண்டேன்.

நாடகத்தன்று மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் எல்லாருக்கும் உடையில் குண்டூசி குத்தி முடித்தாயிற்று. வெளியே நாற்காலிகள் நிரம்புகிற சத்தம். 'இன்னொரு தரம்' கதவுக்கும் மேடைக்குமாக நடந்துகொண்டிருந்தார். கொழுந்தன் வராவிட்டால் இயேசுவாக நிறுத்தப் பட்டறைப் பையன் ஒருவனுக்கு ஒட்டுத்தாடி ஒட்டித் தயாராக வைத்திருப்பதாக என்னிடம் முணுமுணுத்தார். அப்போது கொழுந்தன் வந்தான். வெள்ளை அங்கி போட்டிருந்தான். வலது தோளில் துணிமணி அடைத்த பை தொங்கியது. வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்தான்.

நான் பக்கத்திலேயே சால்வையை வைத்தேன், அதன்மேல் கத்தரியை வைத்தேன்.

"நீயே வெட்டு தம்பி. என்னால முடியல."

கத்தரியை எடுத்தான். ஒரு முனையைப் பிடித்தான். அந்தக் குஞ்சத்தை முதல்முறையாக அவன் தொட்டது அப்போதுதான். திரும்பத் திரும்ப விரலால் உருட்டிப் பார்த்தான்.

"இதப் போட்டா நான் அவங்க ஆளாத் தெரிவேன் அண்ணி. சின்னவன் மேலேர்ந்து பாத்தா என்ன நினைப்பான்?"

"அவர் அவங்க ஆளுதான். அவரப் பெத்தவளும் அவங்க பொண்ணுதான். அத நான் தைக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

"அப்போ சின்னவன்?"

இத்தனை நாள் இந்தப் பேச்சை நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. அவன் வேனுக்குள் உட்கார்ந்திருந்தான், நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன்.

"சின்னவனக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தக் கத்தரியோட நானே போயிருப்பேன். ஆனா இவர் இல்லன்னு தெரியும் தம்பி. மேடையில அவர அடிச்சு இழுக்கும்போது பாத்தா எனக்கு இப்பல்லாம் நம்ம பிள்ளைதான் தெரியுது."

கத்தரி அவன் கையில் திறந்தபடி இருந்தது. வெளியே முதல் மணி அடித்தது. கதவிடுக்கில் 'இன்னொரு தரம்' தலையை நீட்டினார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் தலையை இழுத்துக்கொண்டார்.

கொழுந்தன் கத்தரியை மேசைமேல் வைத்தான். வெட்டவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். ஊசி குத்துவதற்கு வருஷா வருஷம் அப்படித்தான் நிற்பான். போவதற்குக் கதவைப் பார்த்து நிற்பதும் அப்படித்தான் இருக்கும்.

"பைய எறக்கு."

இறக்கவில்லை. இடது தோள் காலியாக இருந்தது. சால்வையை விரித்து அந்தத் தோளில் போட்டேன். தட்டிவிடவில்லை. இரண்டு முனைகள் முன்னால் தொங்கின, மற்ற இரண்டும் என் கையில் இருந்தன. வலது தோளில் பையின் வார். குண்டூசியை எடுத்துத் துணியில் வைத்தேன். தோள் குலுங்கியது. அசையாமல் நில் என்றேன். அவனால் முடியவில்லை. நானும் ஊசியைக் குத்தாமல், எடுக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் மணி அடித்தது.