மிதந்து வந்த ஃப்ரிட்ஜ்

என் வீட்டுக்காரர் எதிர்காலத்தைக் கரைத்துக் குடித்தவர். எழுபது வருஷம் கழித்துக் கடல் ஊருக்குள் வந்துவிடும், ஜனங்கள் நாற்பதாவது மாடிக்குக் குடியேறுவார்கள், சாமான்களை ரோபோக்கள் தூக்கிக்கொண்டு போகும் என்று நாவல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதெல்லாம் தரைத்தளத்தில் உட்கார்ந்துதான்.

எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடி வீடு காலியானதுமே அங்கே போய்விடலாம் என்றேன். போன மழைக்கே என் தையல் மெஷினின் காலடிவரை தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துப் பள்ளியின் சீருடை முழுக்க அதில்தான் தைக்கிறேன். அதுதான் என் பிழைப்பு.

"மாடி ஏறினா எனக்கு முட்டி வலிக்குமே," என்றார். "வெள்ளம் வந்தா முன்னாடியே சொல்றதுக்குத்தான் ஆப் இருக்குல்ல?"

சொன்னது. தண்ணீர் கட்டிலைத் தொட்ட பிறகு, "லேசான மழைக்கு வாய்ப்பு, குடை மறக்காதீங்க" என்று அவர் போன் கொஞ்சியது. கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறினார். நாவல் அதில் இருந்தது. முட்டி அன்றைக்கு வலிக்கவில்லை போலிருக்கிறது. நான் மெஷினை இழுத்துப் பார்த்தேன், ஒற்றை ஆளாக அசைக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜ் மல்லாந்தபடி மிதந்து வந்து என் இடுப்பில் இடித்தது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஓவென்று அழுதேன்.

தண்ணீர் வடிந்தபோது மெஷினின் மோட்டார் செத்திருந்தது. ஃப்ரிட்ஜ் மிதந்த கதையை மட்டும் அக்கறையாகக் கேட்டு நாவலில் சேர்த்துக்கொண்டார்.

பதிப்பகத்தில் இப்போது எதையும் முதலில் படிப்பது ஒரு மென்பொருள். அது நாவலை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தது. ரோபோக்கள் பிரமாதம், நாற்பதாவது மாடி பிரமாதம். ஒரே ஒரு குறை: ஃப்ரிட்ஜ் மிதப்பது நம்பும்படியாக இல்லை, எடுத்துவிடலாம்.

"எடுத்துட்டாப் போச்சு," என்றார், முகமெல்லாம் பல்லாக.

"கதையில எல்லாரையும் மாடிக்கு ஏத்திட்டீங்களா?"

"ஒருத்தர் விடாம!"

"என்னை?"

சுவரில் இடுப்பளவுக்கு ஏறியிருந்த சேற்றுக் கறையைப் பார்த்தார். நான் மூன்றாவது மாடிச் சாவியை மேஜைமேல் வைத்தேன். காலையிலேயே ஓனரம்மாவிடம் பேசி வாங்கிவிட்டிருந்தேன்.

"எந்திரிங்க. மெஷினை அந்தப் பக்கம் பிடிங்க. ரோபோ வர இன்னும் எழுபது வருஷம் இருக்கு."