கடைசி இரண்டு நிமிடம்

ஆங்கிலத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்த ஆசிரியையின் பிழைப்பு. தமிழில் பந்தயம் கட்டுவோம், சண்டை போடுவோம்; மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கேயும் அதே கதைதான். 'டூ எ மிஸ்டேக்' என்றால் புரிந்துவிடும், ஆனால் 'மேக் எ மிஸ்டேக்' என்றால்தான் ஒட்டும்.

இதை அவள் தலைகீழ் வகுப்பாக நடத்தினாள். பாடம் வீடியோவாக முன்கூட்டியே வீட்டுக்குப் போய்விடும். வகுப்பில் பயிற்சி மட்டும். கேட்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் இருபது பேரில் மூன்று பேர் பார்த்துவிட்டு வந்தால் பெரிய விஷயம். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு வருவார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் உள்ளே நுழைந்ததும் இருபது பேரும் எழுந்து கைதட்டினார்கள்.

"எல்லாரும் வீடியோ பார்த்தீங்களா?" அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"கடைசி வரைக்கும் பார்த்தோம் டீச்சர்" என்றார் பஸ் ஓட்டுநர்.

தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கடைசிய மட்டும் நான் ஏழு வாட்டி பார்த்தேன். எங்க வீட்டுக்காரரும் பார்த்தாரு. தங்கமான மனுஷன், விட்றாதீங்கன்னு சொல்லச் சொன்னாரு."

எந்த மனுஷன்? ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் காது மடல் வரை சூடேறியது.

ஞாயிற்றுக்கிழமை பாடத்தை முடித்து, மடிக்கணினியில் பதிவை நிறுத்தப் போன நேரத்தில் அக்கா போன் செய்தாள். பேசும் மும்முரத்தில் பதிவு ஓடிக்கொண்டே இருந்ததை மறந்தாள். வழக்கமாக வீடியோவை வெட்டித் திருத்தி ஏற்றுபவர் பயிற்சி நிலையத்தின் கணினிக்காரர். அன்றைக்கென்று பார்த்து, "உங்களுக்கு எதுக்குச் சிரமம், நானே ஏத்திக்கிறேன்" என்று பெருந்தன்மை காட்டியிருந்தாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

அக்காவிடம் அவள் பேசியது அதே கணினிக்காரரைப் பற்றித்தான்: "அவர் ஒயரைத் தொட்டா எனக்கு ஷாக் அடிக்குதுக்கா. ரொம்பப் பிடிச்சிருக்கு. சொல்லலாம்னு வாயைத் தொறந்தா, 'சவுண்டு சரியா வருதா'ன்னுதான் வருது!"

"அவர் பார்த்துட்டாரா?" என்று வகுப்பைப் பார்த்து ஈனசுரத்தில் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவர் முகம் சுளித்துவிட்டால் நாளை முதல் இந்தக் கட்டடத்தில் எப்படி நடமாடுவது?

கதவு தட்டப்பட்டது. கணினிக்காரரேதான், கையில் மடிக்கணினியோடு.

"மன்னிக்கணுங்க. உங்க வீடியோல ஏதோ கோளாறு. கணக்கு காட்டுது பாருங்க, கடைசி ரெண்டு நிமிஷத்தை மட்டும் ஜனங்க இருநூறு தடவை போட்டிருக்காங்க. அங்க படம் சிக்கிக்குதோ என்னவோ. உங்களைக் கேக்காம தொறக்க வேணாம்னு வந்தேன். சரி பண்ணிடட்டுமா?"

வகுப்பே குலுங்கியது. பஸ் ஓட்டுநர் மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டார்.

அவர் இன்னும் பார்க்கவில்லை என்று ஆசிரியைக்குப் புரிந்தது. பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் போய்விடுவார். எல்லாம் அதோடு முடியும். அப்படி முடிவதை நினைத்ததும்தான் தைரியம் வந்தது.

"கோளாறு இல்ல. அதுல உங்களைப் பத்தித்தான் பேசியிருக்கேன். இங்கேயே போட்டுப் பாருங்க."

அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினார். இருபது பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஆசிரியை சுவரைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் இவ்வளவு நீளமா என்று இருந்தது.

முடிந்தது. அவர் மறுபடியும் பின்னால் தள்ளி ஓடவிட்டார்.

"சார், பதில் சொல்லுங்க சார்!" தையல்காரம்மா பொறுமை இழந்து அவர் ஹெட்போனையே பிடுங்கினாள்.

அதை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்: "சொல்றேம்மா. ரெண்டு வருஷமா இதை எப்பக் கேப்போம்னு இருந்தவன், இன்னொரு தடவை கேட்டுக்கக் கூடாதா?"