தெற்கு நாட்டுக்கு ஒரு வழி

அண்ணன் தன் மகளைச் சர்வதேச உறவுகள் பட்டப்படிப்பில் சேர்த்தார் என்று கேள்விப்பட்ட மறுநாளே தம்பியும் தன் மகளைக் கொண்டுபோய் அதே வகுப்பில் தள்ளினார். அது என்ன படிப்பு என்று இருவருக்கும் தெரியாது. சர்வதேசம் என்றால் ஏற்றுமதி இறக்குமதி வராமலா போகும் என்பது அண்ணனின் நினைப்பு. ஆதாயம் இல்லாமல் அண்ணன் கால் வைக்கமாட்டார் என்பது தம்பியின் நினைப்பு.

இரண்டு வருடமாக அவர்களுக்குள் பேச்சில்லை. தங்கள் அப்பா விட்டுப்போன குழாய்க் கடையை நடுவில் பலகை அடித்துப் பிரித்துக்கொண்டார்கள். பெரிய தெருப் பக்கம் அண்ணனுக்கு, சந்துப் பக்கம் தம்பிக்கு. சந்து முக்கில் இருபது அடிக் குழாய் திரும்பாது. அண்ணன் கடைக்குள் புகுந்துதான் போக வேண்டும். அந்த வழியை அண்ணன் இழுத்துப் பூட்டிவிட்டார்.

"எலி போகக்கூட வழி கிடையாது" என்று ஊருக்கெல்லாம் சொன்னார். உள்ளே இருந்ததை மகளிடம் மட்டும் சொன்னார். "காலைல பத்து மணி வரைக்கும் விடலாம்மா. சாயந்தரம் கூடாது. சாவி என்கிட்டதான் இருக்கும். இதுதான் என் கடைசி. ஆனா அவன் மூணு மாசமாவது என்னோட மல்லுக்கட்டணும். சும்மா கொடுத்தா மதிக்கமாட்டான்."

இரண்டு வீட்டிலும் கை நனைக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். சித்தப்பாவும் அவளிடம்தான் மனசைத் திறந்தார். "எட்டு மணி வரைக்கும் கிடைச்சாலே போதும் தாயி. ஆனா நாள் பூரா வேணும்னுதான் கேட்பேன். உங்கப்பா காதுல போட்டுறாதே."

அவள் யார் காதிலும் போடவில்லை. கட்டுரையில் போட்டாள்.

கடலில்லாத நாடுகளுக்குப் பக்கத்து நாடு தர வேண்டிய வழியுரிமை பற்றி, இரண்டு கற்பனை நாடுகளை வைத்து எழுத வேண்டிய பருவக் கட்டுரை அது. முதல் பிரதியைப் பேராசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். "ரெண்டு பேரும் மைக் முன்னாடி பேசுறதை எழுதியிருக்கே. உள்ளுக்குள்ள எங்க வந்து நிப்பாங்க? அது இல்லாம இது என்ன கட்டுரை?"

எனவே வடக்கு நாடு காலை பத்து மணி வரை எல்லையைத் திறக்கச் சம்மதித்தது. சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. தெற்கு நாடு எட்டு மணிக்கே திருப்திப்படத் தயாராக இருந்தது. மணியை மாற்றினால் வாதம் நொண்டும் என்று அவளுக்குப் பட்டது. சித்தப்பா மகள் காய்ச்சலில் விடுப்பு எடுத்த நாளாகப் பார்த்து வாசித்தாள். அதிக மதிப்பெண் அவளுக்குத்தான்.

வராதவர்களுக்காக, வாசித்த கட்டுரையை அன்று மாலையே வகுப்பு வாட்ஸ்அப்பில் போடுவது அந்தத் துறையின் வழக்கம். கைதட்டலில் அது அவளுக்கு மறந்துபோனது.

மறுநாள் வகுப்பில், காய்ச்சல் விட்டு வந்த தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பிரமாதம்க்கா. அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். தெற்கு நாடு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாத்தையுமாடீ வாசிச்சே?"

"அடிக்குறிப்பு வரைக்கும்."

தன் எட்டு மணியும் அதில் இருப்பதால், அண்ணன் அதைப் படிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சித்தப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் கல்லூரியிலிருந்து கடைக்கு வந்தபோது, இரண்டு வருடமாக மிதிக்காத படியேறி அவர் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மூன்று மாத மல்லுக்குத் தயாராகியிருந்தார். உள்ளுக்குள் சந்தோஷம் என்பது மகளுக்குத் தெரிந்தது.

"பத்து மணி வரைக்கும் வழி விட்டா போதும்ணே" என்றார் சித்தப்பா. "சாயந்தரம் வேணாம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அப்பா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு "சரி" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருடச் சண்டை ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

சித்தப்பா படியிறங்கியதும் அப்பா மகளைப் பார்த்தார். "அவன் பிறந்ததுலேர்ந்து அவனோட பேரம் பேசுறேன். ஒரு தடவைகூட நான் நினைச்ச இடத்துல வந்து நின்னதில்ல. இன்னைக்கு நூல் பிடிச்ச மாதிரி வந்து நிக்கிறான்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மதிப்பெண்ணையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சரி, அவனோட கடைசி என்ன? எழுதியிருப்பியே."

கட்டுரை அவள் கைபேசியில்தான் இருந்தது. சித்தப்பா 'தாயி' என்று சொன்ன குரல் காதில் நின்றது. அவள் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

"என் ரகசியத்தைக் கடைத்தெருவுல வித்தாச்சு. அவனோடதை மட்டும் பெட்டில வச்சுப் பூட்டுறியாம்மா?"



மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷட்டர் உயர்ந்தது. சித்தப்பாவின் ஆட்கள் குழாய்களைத் தோளில் சுமந்து கடையைக் கடந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பாமல் யாருடனோ போனில் சரக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே நுழைந்ததும் குரல் நின்றது.

"அப்புறம் கூப்பிடுறேன்" என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

"யாருப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ காலேஜுக்குக் கிளம்பு."